காபி இருக்கா என்று எட்டிப் பார்த்த கம்ப்யூட்டர்

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் சைக்கிள் பழகிக்கொண்டிருந்தார்கள். ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். அறிவொளி இயக்கப் பாடத்தில் அ, ஆவன்னாவோடு பெடலும் பிரேக்கும் சேர்ந்திருந்தன. கல்குவாரியில் வேலை பார்த்தவர்கள்கூட முட்டி பெயர விழுந்து எழுந்து ஓட்டினார்கள். அதே ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்து மேதைகளுக்கு மாடிப்படி ஏறி இறங்க உடம்பு வளையவில்லை. சரித்திரம் அவர்களைத்தான் முன்னோடிகள் என்கிறது. சரித்திரம் எழுதுகிறவர்களும் உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர்கள்தானே.

விவகாரம் இதுதான். ஆய்வகத்தில் பலருக்கும் பொதுவாக ஒரே காபி மெஷின், டிரோஜன் அறை என்ற அறைக்கு வெளியே இருந்தது. வேறு மாடிகளிலிருந்து ஆசையாக வருகிறவருக்குக் காலி ஜாடிதான் மிச்சம். நம்ம புதுக்கோட்டைக் கீழராஜ வீதியில் ஒரு ஆபீஸாக இருந்தால் பதினோரு மணிக்குக் கம்பிக் கூடையில் ஆறு கிளாஸ் மேஜைக்கே வந்துவிடும். கேம்பிரிட்ஜுக்கு நியூட்டன் இருந்தார், டார்வின் இருந்தார், டீ கொண்டுவர ஆள் இல்லை. வெப்கேமரா பிறந்தது இந்த நிர்வாகக் கோளாறால்.

குவென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேசர், பால் ஜார்டெட்ஸ்கி என்ற இருவர் கறுப்பு வெள்ளைக் கேமரா ஒன்றை ஜாடியை நோக்கித் திருப்பினார்கள். அதன் வயரை ஏகார்ன் ஆர்க்கிமிடீஸ் கம்ப்யூட்டரில் செருகினார்கள். ஒருவர் படத்தை அனுப்பும் புரோகிராம் எழுத, இன்னொருவர் அதைத் திரையின் மூலையில் காட்டும் புரோகிராம் எழுதினார். அகலம் 128 புள்ளி, உயரம் 128 புள்ளி, நிமிஷத்துக்கு மூன்று படம். காபி நிதானமாகத்தான் சொட்டும், அதற்கு இது போதும். 2019 ஜனவரியில் 1,353 காளைகளை அவிழ்த்து உலக சாதனை செய்த விராலிமலை ஜல்லிக்கட்டுக்கு இந்தக் கேமராவை வைத்திருந்தால் கதை கந்தல். முதல் படத்தில் மூடிய வாடிவாசல், இருபது வினாடி கழித்து வரும் அடுத்த படத்தில் புழுதி. மாடு பிடிபட்டதா என்று ஊர்க் கமிட்டி இன்றுவரை பஞ்சாயத்துப் பேசிக்கொண்டிருக்கும்.

1993-இல் டேனியல் கார்டனும் மார்ட்டின் ஜான்சனும் அந்த ஜாடியை இணையத்தில் ஏற்றினார்கள். உலகம் திரண்டு வந்து காபி இருக்கிறதா என்று பார்த்தது; ஒருவருக்கும் ஒரு வாய் கிடைக்காது என்று தெரிந்தே பார்த்தது. ராத்திரியில் விளக்கை அணைக்காதீர்கள், எங்களுக்குப் பகலில் ஜாடி தெரியவில்லை என்று ஜப்பானிலிருந்து மின்னஞ்சல் வந்தது. சித்தன்னவாசல் ஓவியத்தைப் பார்க்க இத்தனை பேர் வந்திருந்தால் நம்மவர்கள் டிக்கெட் விலையை ஏற்றியிருப்பார்கள்.

அந்த ஆர்க்கிமிடீஸ் பெட்டிக்குள் இருந்த ஆர்ம் சிப்பின் ஜாதகம் இன்னும் வேடிக்கை. சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்தது. 1985-இல் முதல் சிப் வந்ததும் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று அளந்தார் ஃபர்பர். மீட்டர் பூஜ்யம் காட்டியது. சிப்புக்கு மின்சாரமே கொடுக்கப்படவில்லை. பக்கத்துச் சர்க்யூட்டுகளிலிருந்து கசிந்ததை வைத்தே அது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது! கரண்ட் இல்லாமல் ஓடும் கம்ப்யூட்டரை அப்போதே புதுக்கோட்டைக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

அந்தச் சிப்பின் வாரிசு வந்து சேர்ந்த காலத்தைப் பாருங்கள். அதே கேம்பிரிட்ஜில் எபன் அப்டன் கூட்டம் சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டரை, ராஸ்பெர்ரி பை என்று 35 டாலருக்கு விட்டது. தேதி 2012 பிப்ரவரி 29. பிறந்தநாள் நாலு வருஷத்துக்கு ஒருமுறை, கேக் செலவு மிச்சம். சென்னை நீங்கலான தமிழ்நாடு அந்த ஆண்டு பல நாள்களில் பாதிப் பொழுதை மின்வெட்டில் கழித்தது. செல்போன் சார்ஜரில் ஓடும் அந்த அட்டையை விற்கச் சரியான சந்தை நாம்தான். 2015-இல் அதன் குட்டி, பை ஜீரோ, ஒரு பத்திரிகையின் அட்டையில் இலவசமாக ஒட்டி வந்தது. நமக்கு அதுவரை அப்படி ஒட்டி வந்ததெல்லாம் ஷாம்பு பாக்கெட்.

ஒரு கேமராவைச் செருகினால் பை வீடியோவே அனுப்பும். இத்தனூண்டு அட்டையால் அது முடிவது எப்படி? வேலையைத் தள்ளிவிடுவதால்தான். பல வெப்கேமராக்கள் ஒவ்வொரு படத்தையும் தாமே ஜேபெக்காகச் சுருக்கிக் கொடுத்துவிடும். அட்டை அதை வாங்கிக் கடத்தினால் போதும், அரசு அலுவலகத்தில் தபால் நகர்வது போல. தரவு அதிகம் செலவாகும், தலைவலி குறைவு. மாறியதை மட்டும் அனுப்பும் எச்.264 முறை சிக்கனமானது. ஆனால் ஒவ்வொரு படத்தையும் முந்தையதோடு ஒப்பிட வேண்டும்; அதற்குப் பையின் சிப்பிலேயே தனிப்பகுதி ஒன்று வைத்தார்கள்.

ஜாடிக் கேமரா 2001 ஆகஸ்ட் 22-இல் அணைந்தது. ஆய்வகம் வேறு கட்டடத்துக்குக் குடிபோனது. மெஷினை ஏலம் விட்டார்கள். ஜெர்மனியின் ஷ்பீகல் ஆன்லைன் 3,350 பவுண்டு கொடுத்து எடுத்தது.

இங்கே புதுக்கோட்டை டீக்கடைகளிலும் கேமரா வந்தாயிற்று. உள்ளே பெரும்பாலும் அதே ஆர்ம் வம்சத்துச் சிப்தான். ஆனால் நம்மவர் யாரும் அதைப் பாய்லரை நோக்கித் திருப்பவில்லை. கல்லாவை நோக்கித்தான். முதலாளி சிங்கப்பூரில் வேலை பார்த்தபடியே போனில் பார்க்கிறார். "மாஸ்டர், அந்தப் பச்சைச் சட்டைக்காரரு காசு குடுத்தாரா?" என்று அங்கிருந்து அதட்டல் வருகிறது.

"அது உங்க மச்சான்தான் மொதலாளி."