கட்டிங் அப்பா

இரவு ஒன்பதரைக்கு மேல் அழைப்பு மணி அடித்தால் எங்கள் வீட்டில் யாரும் பதறுவதில்லை. மேல் மாடிப் பெண்ணுக்கு நாளைக்கு ஏதோ ‘சப்மிஷன்’ என்று புரிந்துகொள்வோம். கதவைத் திறந்தால் அரைக்கால் டவுசரும் பனியனுமாக அப்பாக்காரர் நிற்பார்.

“அங்கிள், கட்டிங் இருக்கா?”

அந்த நேரத்தில் அப்படியொரு கேள்வி காதில் விழுந்ததும், படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் சட்டென்று நிமிர்வார். “நியூஸ் பேப்பர் கட்டிங், அங்கிள்” என்று இவர் முழுசாகச் சொல்லி முடித்ததும் ஏமாற்றத்தோடு பீடியைப் பற்ற வைத்துக்கொள்வார்.

இவர் இல்லாத குடியிருப்பு கிடையாது. வீட்டில் பேப்பர் வாங்கமாட்டார். “எல்லாம் போன்லயே வந்துடுதே அங்கிள், இப்பல்லாம் யாரு பேப்பர் படிக்கிறா?” என்று கேட்பார், கையில் பேப்பரோடு உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தே. பள்ளிக்கூடம் அவரை விடுவதாக இல்லை. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் விளக்கு வைத்த பிறகு ஒரு செய்தி வரும்: தேசியம் ஒன்று, சர்வதேசம் ஒன்று, விளையாட்டு ஒன்று, அறிவியல் ஒன்று, ஒரிஜினல் கட்டிங் ஒட்டி, கீழே ஐந்து வரி எழுதி வரவும், நோக்கம், வாசிப்புப் பழக்கத்தை வளர்த்தல். யாருடைய வாசிப்புப் பழக்கத்தை என்று போடமாட்டார்கள்.

“இ-பேப்பர்ல பிரிண்ட் எடுத்துக்கலாமே, தம்பி” என்று சொல்லிப் பார்த்தேன். “மிஸ் ஒரிஜினல்தான் கேக்கறாங்க அங்கிள்” என்றார். ஒரிஜினல் என்றால் என்னுடையது.

இரவில் வந்து கேட்டவரை தொந்தரவு இல்லை. அன்றைய பேப்பரில் எனக்குப் பாதிக்கு மேல் முடிந்திருக்கும். பிறகு அவருக்கு ஒரு யோசனை உதித்தது. “காலைலயே எடுத்து வச்சுட்டா ராத்திரி டென்ஷன் இல்ல பாருங்க” என்றார். அன்றிலிருந்து நான் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் பேப்பர் மாடிக்குப் போய், ஜன்னல் வைத்துத் திரும்பி வந்துவிடுகிறது. முதல் பக்கத்தைப் பிரித்துப் பிடித்தால் மூன்றாம் பக்கத்து நகைக்கடை விளம்பரப் பெண் அந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

பேப்பருக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதை இவர்கள் ஒப்புக்கொள்வதே இல்லை. இவர்கள் வெட்டுவது முன்பக்கத்துச் செய்தியை மட்டும்தான். பின்பக்கம் தானாக வந்துவிட்டால் அதற்கு அவர் என்ன செய்வார்? 2024 டிசம்பரில் குகேஷ் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று, 18 வயதில் செஸ் உலக சாம்பியன் ஆனார். ஊரே கொண்டாடியது, நானும்தான். அந்தக் கட்டிங்கின் முதுகில் என் மனைவியின் குறுக்கெழுத்துப் புதிரில் இடமிருந்து வலம் முழுவதும் போய்விட்டது. மேலிருந்து கீழை வைத்துக்கொண்டு அவள் அன்று பகல் முழுக்க என்னோடு பேசவில்லை, ஏதோ நான்தான் ஆட்டத்தில் ஜெயித்த மாதிரி.

அதாவது பரவாயில்லை. ஒருநாள் கைகுலுக்கிக்கொள்ளும் இரண்டு நாட்டுத் தலைவர்களை வெட்டிக்கொண்டு போனார். பின்னால் கண்ணீர் அஞ்சலி. இறந்தவரின் முகமும் பெயரும் தலைவர்களோடு மாடி ஏறிவிட்டன. ‘என்றும் உங்கள் நினைவில் வாடும்’ குடும்பத்தார் மட்டும் என்னிடம் மிஞ்சினார்கள். வாடுபவர்களில் இரண்டு பெயர் எனக்குத் தெரிந்த பெயர்களாக இருக்கவே வயிற்றைக் கலக்கியது. மேலே ஓடினேன். அதற்குள் ஒட்டியாகிவிட்டது. நோட்டைப் பிரித்து அந்தத் தாளை டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, இரண்டு தலைவர்களின் கோட்டுக்கு ஊடாக இடவலம் மாறிய எழுத்தைக் கூட்டிப் படித்து, நல்லவேளை, நமக்குத் தெரிந்தவர் இல்லை என்று நிம்மதி அடைந்தேன். “பார்த்து அங்கிள், கம் இன்னும் காயல” என்றார் அப்பா.

பழைய பேப்பர்காரரும் கண்டுபிடித்துவிட்டார். தராசில் வைத்தவர், கட்டைப் பிரித்து ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “என்ன சார், பேப்பர்ல பேப்பரே இல்ல?” என்று கேட்டுவிட்டுக் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்துக்கொண்டார்.

இவ்வளவு வெட்டுகிறாரே, எதை வெட்டுகிறார் என்றாவது பார்ப்பாரா என்றால், அதுதான் கிடையாது. செய்தியைத் தேர்ந்தெடுக்க அவர் கண்ணைவிட விரலைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார். நோட்டில் மேலே இவ்வளவு, கீழே ஐந்து வரிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் நடுவில் நாலு விரக்கடை மிஞ்சும். அந்த நாலு விரக்கடைக்குள் படத்தோடு அடங்குவது எதுவோ, உலகத்தில் அன்று நடந்தது அதுதான். முதல் பக்கத்தில் தொடங்கும் பெரிய செய்திகளுக்குக் கடைசியில் ‘தொடர்ச்சி 8-ஆம் பக்கம்’ என்று போட்டிருக்குமே, அந்த வரியையும் சேர்த்தே வெட்டி ஒட்டிவிடுவார். எட்டாம் பக்கத்துக்கு மட்டும் போகமாட்டார்.

அதனால் அந்த நோட்டில் எதுவும் முடிவதில்லை. நான் உட்கார்ந்து புரட்டிப் பார்த்திருக்கிறேன். உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருதரப்பு வாதங்களையும் கேட்டபின், தொடர்ச்சி 8-ஆம் பக்கம். வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புயலாக வலுப்பெற்று, தொடர்ச்சி 6-ஆம் பக்கம். மசோதா மீது வாக்கெடுப்பு நடந்தது. அதில், தொடர்ச்சி 9-ஆம் பக்கம். புயல் இன்னும் கரையைக் கடக்கவில்லை. நீதிபதிகள் எழுந்து போகவில்லை. எல்லாவற்றுக்கும் கீழே சிவப்பு மையில் ‘வெரி குட்’, பக்கத்தில் ஒரு நட்சத்திரம். ஆக, டீச்சரும் எட்டாம் பக்கத்துக்குப் போகவில்லை.

தேதி எழுத வேண்டும் என்பது இன்னொரு விதி. பேப்பரின் பெயரும் தேதியும் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இருக்கும். இவர் எப்போதும் அதற்குக் கீழேதான் கத்தரியை வைப்பார். பிறகு போன் வரும்.

“அங்கிள், இது என்னிக்குப் பேப்பர்?”

“என்ன செய்தி?”

“ஏதோ ஒரு மினிஸ்டர் ஏதோ ஒண்ணைத் திறந்து வைக்கிறார்.”

“திருப்பிப் பாருங்க. பின்னாடி என்ன இருக்கு?”

“தங்கம் விலை, அங்கிள்.”

“சவரன் எவ்வளவு போட்டிருக்கு?”

சொன்னார். அதை வைத்து நான் தேதியைச் சொன்னேன். சென்னையில் தங்கம் ஏறிய ஏற்றம் அப்படி. ஒரே விலை இரண்டு நாள் நின்றால்தானே தேதி குழம்பும்.

இவருடைய கைவசம் உள்ள ஒரே நிரந்தரச் சொத்து சந்திரயான். 2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி மாலை விக்ரம் லேண்டர் நிலவின் தென் துருவத்துக்கு அருகில் இறங்கியது. அன்று இவரும் டி.வி. முன்னால் உட்கார்ந்து கைதட்டினார்; அதில் குறை சொல்லமாட்டேன். மறுநாள் என் இரண்டு பேப்பரும் போயின. கடைக்கு ஓடி மேலும் சில வாங்கிவந்து பதுக்கிக்கொண்டார். ‘அறிவியல்’ என்றால் சந்திரயான். ‘தேசியம்’ என்றால் இஸ்ரோவின் சாதனை, ஆகவே சந்திரயான். தென் துருவப் பகுதியில் முதலில் இறங்கிய நாடு நாம்தான், உலகமே பாராட்டியது, ஆகவே ‘சர்வதேசம்’. ‘சாதனைத் தமிழர்’ என்று தலைப்பு வந்தால் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், ஆகவே அதுவும் சந்திரயான். மூன்றாம் வகுப்பில் இறங்கிய அந்த லேண்டர் மகளோடு சேர்ந்து வருடா வருடம் தேர்ச்சி பெற்று மேல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ‘விளையாட்டு’ ஒன்றுதான் இன்னும் அவருக்கு வசப்படவில்லை. இதைத் தவிர, ஸ்டேப்ளரை வாங்கிப்போய்ப் பின் இல்லாமல் திருப்பித் தருவது போன்ற சில்லறைப் பழக்கங்களும் உண்டு. அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

விட முடியாத ஒன்று இருக்கிறது. “பாசிட்டிவா ஒண்ணு குடுங்க அங்கிள்” என்பார். எங்கள் தெருவை மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிப் போட்டுப் பல மாதம் ஆகிறது. ஸ்கூல் வேன் உள்ளே வராது. அந்தப் பெண் முதுகு வளையப் பையைச் சுமந்துகொண்டு, சேற்றுப் பலகைமேல் நடந்து மெயின் ரோட்டுக்குப் போகிறாள். ஒருநாள் உள்ளூர்ச் செய்திப் பக்கத்தில் எங்கள் தெரு படத்தோடு வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக நானே கத்தரிக்கோல் எடுத்தேன். தேதி, பேப்பர் பெயர், முழுச் செய்தி, எதுவும் விட்டுப்போகாமல் வெட்டிக்கொண்டு போய்க் கொடுத்தேன். “ஐயோ, இதெல்லாம் வேணாம் அங்கிள், மிஸ் என்ன நினைப்பாங்க?” என்று சொல்லி மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் இருக்கிறது. நிலவில் இறங்கிய இடம் தெரிந்த பிள்ளைக்குத் தன் தெருவை யார் தோண்டினார்கள், எப்போது மூடுவார்கள், யாரைப் போய்க் கேட்பது என்று தெரியக் கூடாதா? கீழே எழுதவேண்டிய ஐந்து வரியும் அவள் எழுதுவது இல்லை. அப்பா போனிடம் கேட்கிறார், போன் சொல்கிறது. ‘இச்செய்தி மாணவர்களாகிய நமக்கு மிகுந்த ஊக்கமளிக்கிறது’ என்று ஐந்தாவது வரி எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி முடிகிறது, பாலம் இடிந்த செய்திக்கும் சேர்த்து. அது எப்படியோ பாசிட்டிவ் சோதனையில் தப்பிவிட்டது, படம் நன்றாக இருந்திருக்கும்.

அரசுப் பள்ளிகளில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் குறள் சொல்லி முடித்ததும், ஒரு பிள்ளை முன்னால் வந்து ‘இன்றைய செய்திகள்’ வாசிக்கிற வழக்கம் உண்டு. வெள்ளமோ விலைவாசியோ, வாயால் வாசித்தாக வேண்டும். தவறாக வாசித்தால் பின்வரிசைப் பையன்கள் சிரிப்பார்கள். காசு செலவில்லை, கம் செலவில்லை, பக்கத்து வீட்டுப் பேப்பர் தப்பிக்கும்.

இருந்தாலும் ஆளைத் திட்ட மனம் வருவதில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு மேலே போனால் கதவு திறந்திருக்கும். மனைவிக்கு மறுநாள் காலை ஷிஃப்ட், தூங்கியிருப்பார். மகளும் தூங்கியிருப்பாள். பழைய மகாபலிபுரம் சாலையில் இரண்டு மணி நேரம் டிராஃபிக்கில் கிடந்து வந்த மனிதர், தரையில் சம்மணமிட்டுக் கட்டிங்கைச் சுற்றிப் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் அலை அலையாக பார்டர் போட்டுக்கொண்டிருப்பார். மூலைக்கு மூலை ஒரு பூ. கம் வழிந்த இடத்தைக் கட்டை விரலால் ஒற்றி எடுப்பார். “எங்கப்பாவுக்கு நான் எந்த கிளாஸ்னே தெரியாது அங்கிள்” என்று ஒருதரம் தலை நிமிராமல் சொன்னார். மிச்சப் பேப்பரை எப்போதும் மடிப்புக் கலையாமல், பக்க வரிசையோடு அடுக்கித்தான் திருப்பித் தருவார்.

அந்த வீட்டில் பேப்பர் படிக்கிற ஆள் ஒன்று உண்டு, மகள். அவள் படிப்பது பின்பக்கம். “ஒட்டிட்டா அது மறைஞ்சு போயிடும்ல தாத்தா, அதான் முன்னாடியே படிச்சிடுவேன். முன்பக்கம் எங்க போகப் போகுது?” என்று கேட்டாள். அதனால் அவளுக்குச் சவரன் விலை தெரியும், ஏல அறிவிப்பு தெரியும், எந்த ரயிலை எங்கே திருப்பி விட்டிருக்கிறார்கள் என்று தெரியும். குறுக்கெழுத்துப் போன அன்று, ஏழாவது இடமிருந்து வலத்தை என் மனைவிக்கு மாடியிலிருந்து சொல்லி அனுப்பியவளும் அவள்தான்.

சரி, இவளுக்காவது ஒரு முழுப் பேப்பர் கிடைக்கட்டும் என்று போன மாதம் ஒரு காரியம் செய்தேன். பேப்பர் போடுகிற பையனிடம் சொல்லி, என் கணக்கிலேயே மேல் மாடிக்கும் தினம் ஒன்று போடச் சொன்னேன். என் பேப்பர் பிழைத்தது என்று அன்று நிம்மதியாகப் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. அவர்தான். ஒரு கையில் கத்தரிக்கோல், இன்னொரு கையில் பிரிக்காத புதுப் பேப்பர்.

“ரொம்ப தேங்க்ஸ் அங்கிள். புதுப் பேப்பர், நம்ம வீட்டுப் பேப்பர் வேற. வெட்ட மனசே வரல. உங்களோடது வந்துடுச்சா?”