பஃபலோக்காரரும் முசரவாக்கத்துக்காரரும்

மரபணுவைப் படித்து நோய் சொல்லும் வித்தை, 2000 ஜூன் 26 அன்று கிளிண்டன் வெள்ளை மாளிகையில் மைக் பிடித்தபோது பிறந்ததாகச் சரித்திரம் எழுதுகிறார்கள். அபாண்டம். அது நம் பக்கத்துக் கல்யாணத் தரகரிடம் பிறந்தது. காஞ்சிபுரத்தில் பஸ் ஏறினால் முசரவாக்கம் வருவதற்குள் மூன்று தலைமுறை வியாதியை ஒப்பித்துவிடுவார்: “பெரியப்பாவுக்கு சுகர், அத்தைக்குக் கொஞ்சம் இழுப்பு, மத்தபடி தங்கமான குடும்பம்.” கூலி ஒரு வேட்டி, ஒரு காபி. அமெரிக்காக்காரன் சுமார் 300 கோடி டாலர் வாங்கிக்கொண்டான்.

முன்னோர் போட்ட விதிகளில் வேடிக்கைக்குக் குறைவில்லை. ஆரிய வைசியச் செட்டியார்களுக்குக் கோத்திரம் 102. ஒரே கோத்திரத்தில் பெண் எடுத்தால் மகாபாவம். மாமன் மகளை விட்டுவிட்டால் மகாகுற்றம். வெளியே சம்பந்தம் என்ற பேச்சே கிடையாது. இது நூறு தலைமுறைக்கு மேல் நடந்த கூத்து என்று 2009இல் ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வு நிறுவனத்தின் லால்ஜி சிங், தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரைக் குழுவினர் கணக்குப் போட்டார்கள்.

அந்த நூறு தலைமுறையும் நகை, பாத்திரத்தோடு ஓர் எழுத்துப் பிழையையும் சீர் வைத்து அனுப்பியது. மரபணுவில் ‘டி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘சி’. தறியில் மாட்டும் ஜக்கார்டு அட்டையில் ஓர் ஓட்டை தப்பினால் சேலையில் மயிலுக்கு மூக்கு கோணும், அவ்வளவுதான். இங்கே கல்லீரல் செய்யும் ஒரு நொதி படுத்துவிடும். அது இல்லாமலே பேரன் பேத்தி எடுத்துச் சௌக்கியமாக வாழலாம். ஜாதகத்திலும் வராது.

வம்பு 1951இல் வந்தது. ஆபரேஷனுக்குத் தசையைத் தளர்த்த சக்சினைல்கோலின் என்ற ஊசி புழக்கத்துக்கு வந்தது. மற்றவர்களுக்கு அந்த நொதி மருந்தைச் சிதைத்துவிடும், சில நிமிடங்களில் வேகம் இறங்கிவிடும். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பிழையை வாங்கியவருக்கு மணிக்கணக்கில் மூச்சுத் தசைகூட அசையாது, வென்டிலேட்டர்தான் கதி. மயக்க டாக்டர்கள் உஷாராகி, “நீங்க செட்டியாரா?” என்று கேட்கப் பழகினார்கள். பெரியார் மண்ணில் ஆஸ்பத்திரியில் ஜாதி கேட்பதா என்று கொதித்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் தரகருக்கு அடுத்தபடியாகக் கம்ப்யூட்டர் இல்லாமல் மரபணு படித்த ஆசாமிகள் இவர்கள்தான். பிழை எங்கே என்பதை 2006இல்தான் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் பூபதி குழுவினரும் வெளிநாட்டுத் தோழர்களும் கண்டுபிடித்தார்கள்: அந்த நொதிப் புரதத்தின் 307ஆம் இடம்.

இப்போது மென்பொருள் ராஜ்ஜியம். முசரவாக்கத்துக்காரர் ரத்தம் கொடுத்தால், அவர் மரபணு எழுத்துகளை மாதிரிப் பிரதியோடு ஒப்பிடும். அந்தப் பிரதியின் பெரும்பகுதி, நியூயார்க் மாநிலத்து பஃபலோ ஊரில் பத்திரிகை விளம்பரம் பார்த்து ரத்தம் கொடுத்த ஒரே ஆளுடையது! வித்தியாசங்கள் 40, 50 லட்சம் வரும். உலகில் பரவலாக இருந்தால் சாது, அபூர்வமென்றால் சந்தேகம், புரியாவிட்டால் ‘பொருள் தெரியாத மாற்றம்’ என்று சீட்டெழுதிக் கையில் கொடுக்கும். நம் தெருவில் சகஜமாக இருப்பது வெள்ளைக்காரத் தரவில் அபூர்வமாகத்தானே தெரியும்? 2020இல் தொடங்கிய ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 பேரின் மரபணுத் தரவை 2025 ஜனவரியில்தான் வெளியிட்டது. அதுவரை சம்பந்தி வீட்டு விவரத்தில் மென்பொருள் நம் தரகருக்குக் கால்தூசி.

ஆகவே, உங்கள் வீட்டில் யாராவது ஆபரேஷன் முடிந்தும் மூச்சு திரும்பாமல் மணிக்கணக்கில் வென்டிலேட்டரில் கிடந்திருந்தால், அடுத்த ஆபரேஷனுக்கு முன் மயக்க டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள்.