பறந்தவர் அல்ல, பட்டம் செய்தவர்

33 வயதில் வானாய்வகத்தில் கிடைத்த நல்ல உத்தியோகத்தை உதறிவிட்டு, இனிமேல் பறப்பதைப் பற்றி மட்டும்தான் யோசிப்பேன் என்று நம் வீட்டில் யாராவது சொன்னால் குலதெய்வத்துக்குக் காசு முடிந்துவைப்போம். 1883இல் சிட்னியில் லாரன்ஸ் ஹார்கிரேவ் அதைத்தான் செய்தார். குடும்பச் சொத்தின் வருமானம் கையில் இருந்தது. அந்தத் தைரியத்தில் பாதி அங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1850இல் இங்கிலாந்தின் கிரீனிச்சில் பிறந்து, 15 வயதில் ஆஸ்திரேலியா வந்தவர். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறவில்லை. கப்பல் கம்பெனிப் பட்டறையில் தொழில் பழகினார். நியூ கினி போகிறேன் என்று கிளம்பி, 1872இல் கப்பல் உடைந்து உயிர் தப்பினார். மிச்சத்தையெல்லாம் காற்றோடு கழித்தார்.

எங்கள் தெருவில் பட்டம் விட்ட பயல்களுக்கு வேதம் ஒன்றுதான்: வால் இல்லாத பட்டம் குட்டிக்கரணம் போடும். அதனால் வீட்டுப் பழந்துணியெல்லாம் பட்டத்துக்கு வாலாகிவிடும். ஹார்கிரேவ் 1893இல் செய்த பட்டத்துக்கு வாலே கிடையாது. இருபுறமும் திறந்த இரண்டு பெட்டிகள், துணியால் ஆனவை. நடுவில் இடைவெளி விட்டுக் குச்சிகளால் பிணைத்தவை. அவ்வளவுதான். காற்று எப்படி அடித்தாலும் ஆடாமல் நிற்கும் பிடிவாதம் அதற்கு இருந்தது. வளைந்த பரப்பு தட்டையானதைவிட நன்றாகத் தூக்கும் என்பதையும் சோதித்துக் கண்டுகொண்டார்.

1894 நவம்பர் 12. சிட்னிக்குத் தெற்கே ஸ்டான்வெல் பார்க் கடற்கரை. நான்கு பெட்டிப் பட்டங்களை ஒரே கயிற்றில் வரிசையாகக் கோத்து, கயிற்றின் அடியை மணல் மூட்டைகளில் கட்டி, கீழே தொங்கவிட்ட ஓர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். கையில் காற்றின் வேகம் அளக்கும் கருவி. பட்டங்கள் அவரை 16 அடி உயரத்துக்குத் தூக்கின. மாடி வீட்டு ஜன்னலில் நிற்பவருக்கு இது பெரிய உயரமில்லை; ஆனால் மனிதர் இறங்கி வந்ததும் செய்த முதல் காரியம் அளவுகளைக் குறித்துவைத்ததாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட ஆள். தன் வேலையைப் பற்றிச் சிரிக்காமல் பேசுகிற சிட்னிக்காரர்கள் மிக அபூர்வம் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார்.

காப்புரிமை? எடுக்கவில்லை. கண்டதைப் பூட்டிவைத்தால் காசு கொட்டும் என்ற நினைப்பையே ஒழிக்க வேண்டும் என்றவர். எல்லாவற்றையும் நியூ சவுத் வேல்ஸ் ராயல் சொசைட்டியில் கட்டுரையாக வாசித்தார், கேட்டவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார். கேட்டவர்களும் சும்மா இருக்கவில்லை. அமெரிக்க வானிலைக்காரர்கள் கருவிகளை மேலே அனுப்ப அவருடைய பட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். 1906இல் பாரிஸில் சாந்தோஸ் துமோன் பறந்த விமானத்தின் இறக்கைகளைப் பார்த்தால், பெட்டிப் பட்டத்துக்கு எந்திரம் மாட்டியதுபோல இருக்கும். 1910இல் பிரிட்டனில் பிரிஸ்டல் கம்பெனி செய்த விமானத்துக்கு ‘பாக்ஸ்கைட்’ என்றே பெயர். அது கல்கத்தா வரை வந்து பறந்து காட்டியது. கண்டுபிடித்தவர் 16 அடி. கண்டுபிடிப்பு கடல் தாண்டியது.

தன் மாதிரிகளை வைக்க ஓர் இடம் தேடினார். உள்ளூரில் கைகூடவில்லை. ஜெர்மனியின் மியூனிக் அருங்காட்சியகம் ‘கொடுங்கள்’ என்றது. கொடுத்தார். சில ஆண்டுகளில் போர் மூண்டது. அதுவரை இலவசமாகக்கூட வேண்டாதவர்களுக்கு, எதிரிக்குத் தந்துவிட்டானே என்று கோபம் வந்தது. 1915 மே மாதம் அவருடைய ஒரே மகன் கலிபோலியில் கொல்லப்பட்டான். ஜூலையில் ஹார்கிரேவும் போய்விட்டார். மாதிரிகளின் கதை அதற்குப் பிறகும் நடந்தது: இரண்டாம் உலகப் போரில் விமானங்கள் வீசிய குண்டுகளால் பெரும்பாலானவை அழிந்தன. தப்பிய கொஞ்சம் பின்னாளில் சிட்னிக்கே திரும்பி வந்து, மரியாதையாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறிக்கொண்டன.

இப்போது அவருக்குக் குறையே இல்லை. ஸ்டான்வெல் பார்க் வழியாகப் போகும் நெடுஞ்சாலைக்கு அவர் பெயர். தரையைவிட்டு மேலே போக ஆயுள் முழுக்கப் பாடுபட்டவருக்குத் தார்ச் சாலை! பாறைகள் சரிந்து விழுந்து தொல்லை கொடுத்ததால், அதில் ஒரு பகுதியைக் கடலின் மேல் பாலமாகத் தூக்கி 2005இல் திறந்தார்கள். ஆக, சாலையாவது கொஞ்சம் மேலே போனது. 1966 முதல் 1994 வரை 20 டாலர் நோட்டின் பின்பக்கத்தில் அவர் இருந்தார். முன்பக்கம் விமானி கிங்ஸ்ஃபோர்டு ஸ்மித்துக்கு. பிறகு வந்த நோட்டில், குதிரை திருடியதற்காக நாடு கடத்தப்பட்டு வந்து பெரும் வியாபாரியான மேரி ரெய்பியும், விமானத்தில் டாக்டர்களை அனுப்ப வழிசெய்த பாதிரியார் ஜான் ஃப்ளினும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். காசை வேண்டாதவரைக் காசில் அச்சடித்தது ஒரு வேடிக்கை. அங்கிருந்தும் இறக்கிவிட்டது இன்னொன்று.

பட்டத்தைத் தவிர இன்னொன்றையும் தன் கண்டுபிடிப்பென்று அவர் நம்பினார். கேப்டன் குக்குக்கு வெகுகாலம் முன்பே, 16ஆம் நூற்றாண்டின் கடைசியில், ‘லோப்பே டி வேகா’ என்ற ஸ்பானிஷ் தளபதியின் கப்பல் சிட்னி துறைமுகத்துக்கு வந்து போனதாம். அங்கிருந்த பாறைச் செதுக்கல்களே சாட்சியாம். கடைசிக் காலத்தில் இதை நிறுவ மெனக்கெட்டார். அதையும் இலவசமாகத்தான் கொடுத்தார். வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை.