316 கண்டெய்னர்களைப் பதிவு செய்யக் கோரி

அனுப்புநர்: கிளியரிங் ஏஜென்சி குமாஸ்தா ஒருவன், மட்டாஞ்சேரி.

பெறுநர்: மாண்புமிகு நாற்காலி அவர்கள், வைப்பின் சட்டமன்றத் தொகுதி, எர்ணாகுளம் மாவட்டம்.

பொருள்: மூலம்பிள்ளிக் குடும்பங்களைக் கண்டெய்னராக அறிவிப்பது தொடர்பாக.

ஐயா,

தங்கள் மேல் அமர்கிறவருக்கு எழுதாமல் தங்களுக்கே எழுதுவதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தொகுதி மறுசீரமைப்பில் ஞாறக்கல் போய் வைப்பின் வந்தது. 2011-ல் முதல் தேர்தல். எஸ். சர்மா இரண்டு முறை அமர்ந்தார். 2021-ல் கே.என். உண்ணிகிருஷ்ணன் அமர்ந்தார். அவர்களுக்கெல்லாம் ஐந்தாண்டுத் தவணை உண்டு, தங்களுக்குக் கிடையாது. நான் சொல்ல வந்த கோப்பு ஐந்தாண்டில் அடங்காதது. அதனால்தான்.

நான் தங்கள் வாக்காளன் அல்ல. மட்டாஞ்சேரியில் குடியிருக்கும் தமிழன். ஓட்டு கொச்சித் தொகுதியில். காலையில் ஃபோர்ட் கொச்சியில் ரோ-ரோ படகு ஏறி வைப்பினில் இறங்கி, பஸ் பிடித்து, கோஸ்ரீ பாலம் தாண்டி வல்லார்பாடம் கண்டெய்னர் முனையத்துக்கு வருகிறேன். திருப்பூர் பனியன் கப்பல் ஏறவும், மில்லுக்கு வருகிற வெளிநாட்டுப் பஞ்சு கப்பலிலிருந்து இறங்கவும் காகிதம் பார்ப்பது வேலை. கண்டெய்னரைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. இந்தக் கடிதத்திலும் அதையே திரும்பத் திரும்பச் சொன்னால் பொறுத்துக்கொள்ளவும்.

கண்டெய்னராகப் பிறந்தால் இந்தத் தொகுதியில் என்ன மரியாதை என்பதைத் தாங்கள் நேரில் வந்து பார்க்க வேண்டும். நான்கு எழுத்து, ஏழு எண் கொண்ட பெயர் அதற்கு. கடைசி எண் முந்தைய எழுத்துகளையும் எண்களையும் கூட்டிக் கழித்துச் சரிபார்க்கிற எண். ஒன்று பிசகினாலும் கணினி ஏற்காது. ஆகவே எந்தப் பெட்டியும் இங்கே தொலைவதில்லை. உள்ளே உறைந்த இறால் இருந்தால் 24 மணி நேரமும் கரண்ட் உண்டு. நிற்பதற்கு 600 மீட்டர் நீளத் துறை, தூக்குவதற்கு மாடி உயரக் கிரேன், வெளியேற களமசேரி வரை 17 கிலோமீட்டர் சாலை. அது போதாதென்று இடப்பள்ளியிலிருந்து காயலின் மேல் 4.62 கிலோமீட்டருக்கு ரயில் பாலம். கட்டியபோது நாட்டிலேயே நீளமான ரயில் பாலம் அதுதான். அதில் ரயில் போவதைப் பார்த்தால் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள், அவ்வளவு அபூர்வம். கொழும்புக்குப் போகும் சரக்கை இங்கே திருப்ப வேண்டும் என்பதற்காக உள்நாட்டுத் துறைமுகங்களுக்கிடையே வெளிநாட்டுக் கப்பல் சரக்கேற்றுவதைத் தடுக்கிற கபோட்டாஜ் சட்டத்தையே 2012-ல் தளர்த்திக் கொடுத்தார்கள். பெட்டிக்காகச் சட்டம் வளைந்தது, ஐயா. (கொழும்பு இன்னும் கொழும்பாகத்தான் இருக்கிறது. இப்போது விழிஞ்ஞம் துறைமுகமும் வந்துவிட்டது. அது வேறு கடிதம்.)

இந்தச் சாலைக்கும் தண்டவாளத்துக்கும் இடம் விட்டவர்கள் 316 குடும்பங்கள். 2008 பிப்ரவரி 6-ஆம் தேதி மூலம்பிள்ளியில் போலீசும் ஜேசிபியும் வந்து வீடுகளை இடித்தன. ஊர் கொந்தளித்தது, மார்ச் 19-ஆம் தேதி வி.எஸ். அச்சுதானந்தன் அரசு ஒரு பாக்கேஜ் அறிவித்தது. மாற்று மனை, வீடு கட்டும்வரை வாடகை, குடும்பத்தில் ஒருவருக்கு முனையத்தில் வேலை. மலையாளத்தில் 'மூலம்பிள்ளி பாக்கேஜ்' என்றே பெயர் நின்றுவிட்டது. எங்கள் தொழிலில் பாக்கேஜ் என்றால் பிரித்து உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். அந்த பாக்கேஜை இன்னும் பிரித்து முடிக்கவில்லை. முனையத்தை மட்டும் 2011 பிப்ரவரியில் மன்மோகன் சிங் வந்து திறந்துவைத்தார்.

போன மாதம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வல்லார்பாடத்தம்மா மாதா கோவில் முற்றத்துக்குப் போனேன். அங்கே நேர்ச்சை என்பது துடைப்பம். ஆளுக்கொன்று எடுத்து முற்றத்தைப் பெருக்க வேண்டும். அம்மச்சி ஒருவர் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தார். குப்பையே இல்லாத இடத்தில் அத்தனை மும்முரம். பேச்சுக் கொடுத்தேன். 2008-ல் கிளம்பியவர்களில் ஒருவர். சதுப்பை நிரப்பிக் கொடுத்த மனையில் மகன் கடன் வாங்கி வீடு கட்டியிருக்கிறான்.

"வீடு எப்படி அம்மச்சி?"

"சுகந்தான் மோனே. வாசப்படியில ஒரு தேங்காய வெச்சா, அதுவே உருண்டு அடுக்களைக்குப் போயிடும். எனக்கு நடக்கிற வேலை மிச்சம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வேலை ஞாபகம் வந்தது. கண்டெய்னர் யார்டில் தரை கால்வாசி அங்குலம் இறங்கினாலும் எஞ்சினியர் மட்டப்பலகையோடு ஓடி வருவார். சாய்ந்த தரையில் பெட்டியை அடுக்க முடியாது. மனிதரை அடுக்கலாம் போலிருக்கிறது. தேங்காய் உருள்கிற திசையைக் கேட்டு எழுதிக்கொண்டு போகக்கூட யாரும் வந்ததில்லையாம்.

ஆகவே என் யோசனை எளிது. மேற்படி 316 குடும்பங்களையும் கண்டெய்னர் என்று அறிவித்துவிடுங்கள். தலா ஒரு எண் கொடுத்தால் கணினியில் ஏறிவிடுவார்கள், அதன் பிறகு அவர்களைத் தொலைக்க முடியாது. கெட்டித் தளம் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக டெமரேஜ் என்கிற தாமதக் கட்டணம் ஓடத் தொடங்கும். இலவச நாட்கள் முடிந்து ஒரு பெட்டி ஒரே ஒரு நாள் கூடுதலாகக் கிடந்தால் போதும், "அண்ணே, டெமரேஜ் ஏறுது, என்ன பண்றீங்க?" என்று மில்லிலிருந்து போன் வந்துவிடும். தாமதத்துக்கு விலை வைத்த தொழில் இது. 2008 மார்ச் 19-லிருந்து இந்தக் குடும்பங்களுக்கு ஏறியிருக்க வேண்டிய டெமரேஜைக் கணக்குப் போட உட்கார்ந்தேன், கால்குலேட்டர் தாளவில்லை.

தங்கள் பதில் எனக்குத் தெரியும். துறைமுகம் மத்திய அரசு, முனையம் துபாய் கம்பெனி, சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையம், பாலம் ரயில்வே, மனை வருவாய்த் துறை. நாற்காலிக்கு இதில் என்ன இருக்கிறது? நியாயம்தான். ஆனால் ஒரு பெட்டி வெளியே வரவும் கஸ்டம்ஸ், துறைமுகம், கப்பல் கம்பெனி, முனையம் என்று நான்கு பேர் சம்மதிக்க வேண்டும். நான்கு பேரும் ஒருவரையொருவர் கைகாட்டுகிறவர்கள்தான். ஒருத்தன் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான்கு கவுண்டருக்கும் நடையாய் நடக்கிறான், சாயங்காலத்துக்குள் பெட்டி கேட்டைத் தாண்டிவிடுகிறது. அந்த ஒருத்தனுக்கும் எந்த அதிகாரமும் கிடையாது. செருப்புத்தான் தேயும். நான் தேடுவதும் அப்படிப்பட்ட ஒரு ஆளைத்தான். எட்டு ஊராட்சி சேர்ந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்புவது அந்த வேலைக்கென்றுதான் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொகுதியின் மற்ற குறைகளை, வேலியேற்றம் என்கிற கடல் ஓதத்தில் அடுக்களைக்குள் வருகிற உப்புத் தண்ணீர், வைப்பின் பஸ்களை வருடக்கணக்கில் நகரத்துக்குள் விடாமல் ஹைகோர்ட் அருகே நிறுத்திவைத்த கதை, இவற்றையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அவை கண்டெய்னர் சம்பந்தமற்றவை. ஒன்று மட்டும்: 1341-ல் பெரியாற்று வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய மண்ணில் பிறந்ததுதான் வைப்பின் என்பார்கள். கேட்க ஆளில்லாத அந்த வெள்ளம் ஒரு தீவையே போட்டுக் கொடுத்தது. அதன்மேல் ஏழு நூற்றாண்டாக வீடுகள் நிற்கின்றன. அரசாங்கம் நிரப்பிய சில சென்ட் மனையில்தான் தேங்காய் உருள்கிறது.

எண் ஒதுக்கி ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாக்காளன் அல்லாத குமாஸ்தா.

இணைப்பு: தேங்காய் ஒன்று. அம்மச்சி கொடுத்தனுப்பியது. தங்கள் அலுவலகத் தரையில் வைத்து, எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொள்ளவும்.