அந்தரப் பந்தியும் எழாமைக் கோட்பாடும்

2006ஆம் ஆண்டு பெல்ஜியத்தில் ஒரு சாப்பாட்டு மேசையைக் கிரேனில் கட்டி மேலே தூக்கினார்கள். மேசையைச் சுற்றி 22 இருக்கைகள். ஒவ்வொன்றிலும் பந்தயக் காரில் இருப்பதுபோல் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிணைக்கும் பெல்ட். மேசையின் நடுவே விடப்பட்ட இடைவெளியில் சமையற்காரரும் பரிமாறுபவரும் நிற்க, ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்தில் ஒரு மணி நேரமோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ விருந்து நடக்கும். பிறகு மேசை புறப்பட்ட இடத்துக்கே இறங்கிவிடும். 'டின்னர் இன் தி ஸ்கை' என்ற பெயரில் உலகின் பல நகரங்களுக்குப் பரவிய இந்த ஏற்பாடு, ஒரு விளம்பரத் தொடர்பு நிறுவனமும் கேளிக்கைப் பூங்காச் சாதனங்களை அமைக்கும் ஒரு நிறுவனமும் சேர்ந்து பெற்ற பிள்ளை. பெற்றோர் இருவரில் ஒருவரும் சமையற்காரர் அல்லர் என்பதை ஆய்வாளர் முதலிலேயே குறித்துக்கொள்வது நல்லது. உணவியல் நூல்கள் இதைக் கண்டுகொள்ளவில்லை. பொறியியல் நூல்கள் மேசையைச் சுமை என்று மட்டுமே அறியும். அறிவுலகின் இந்த இடைவெளியை நிரப்பத் 'தொங்குணவியல்' என்றொரு துறையை இங்கே தோற்றுவிக்கிறோம். அத்துறையின் முதற்கேள்வி இது: அந்த மேசையில் விலைக்கு விற்கப்படும் பொருள் எது? சுவை என்பார் சிலர், காட்சி என்பார் சிலர், அச்சம் என்றும் பெருமை என்றும் சொல்வாரும் உளர். இந்நால்வரும் கிரேனின் உயரத்தைப் பார்த்தார்களே ஒழிய பெல்ட்டைப் பார்க்கவில்லை. அங்கே விற்கப்படுவது எழ முடியாமை. இதை எழாமைக் கோட்பாடு என்போம்.

முதலில் சுவை. உயரம் கூடினால் நாவின் உணர்வு மாறும் என்போர் விமானத்தைச் சான்று காட்டுவர். விமானத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது மெய்தான். லுஃப்தான்சாவுக்காக ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் செய்த ஆய்வில், அழுத்தம் குறைந்து ஈரம் வற்றிய விமானக் கூண்டுக்குள் உப்பும் இனிப்பும் மங்கித் தெரிவதும், தரையில் சீந்துவாரற்ற தக்காளிச் சாறு அங்கே சிறப்பதும் வெளிப்பட்டன. ஆனால் விமானத்தினுள் நிலவும் அழுத்தம் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமமாகும் அளவுக்குக் குறைவது. 50 மீட்டரில் காற்றழுத்தம் குறைவது ஏறத்தாழ நூற்றில் 0.6 பங்கு. பிரசல்ஸில் ஒரு மழைமேகம் வந்துபோனாலே தரையில் உள்ளவர்களுக்கும் அதைவிடக் கூடுதலாக மாறும். தண்ணீரின் கொதிநிலை ஒரு டிகிரியில் ஆறில் ஒரு பங்கு தாழும். ரசத்துக்கு அது தெரியாது. புவியீர்ப்பும் குறையத்தான் செய்கிறது: 70 கிலோ எடையுள்ள ஒருவர் 50 மீட்டர் மேலே போனால் ஏறத்தாழ ஒரு கிராம் அளவுக்கு இலேசாகிறார். முதல் கவளத்திலேயே அந்த நஷ்டத்தை அவர் ஈடுகட்டிவிடுவதால், மெலிவதற்காக இம்மேசையை நாடுவோருக்கு இவ்வாய்வு ஆறுதல் எதுவும் தர இயலாது.

உயரத்துக்கே மதிப்பு என்றால் உதகமண்டலத்தின் கதி என்ன என்று கேட்க வேண்டும். அவ்வூர் கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். அங்கே தரையில் சம்மணமிட்டு இட்லி உண்பவர், பெல்ஜியத்துக் கிரேனைப்போல் 45 மடங்கு உயரத்தில் அமர்ந்திருக்கிறார். தண்ணீர் 93 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரம் பிடிக்கிறது. உண்மையான உயரம் உணவை என்ன செய்யும் என்பதற்கு அதுவே சான்று. ஆயினும் எந்த மெஸ்ஸும் அவரிடம் உயரக் கட்டணம் வாங்கியதில்லை. கடல்மட்டத்திலிருந்து அளப்பது முறையன்று, காலடியிலிருந்து அளக்க வேண்டும் என்று இதற்கு மறுமொழி வரும். ஏற்கிறோம். ஏற்றவுடனே, உயரம் என்பது காலுக்கும் தரைக்கும் இடையே உள்ள வெறுமைதான் என்று ஆகிவிடுகிறது. வெறுமைக்குச் சுவை உண்டென்று எந்தப் பாகசாத்திரமும் சொல்லவில்லை.

அடுத்தது காட்சி. 50 மீட்டரில் கண்ணுக்கு எட்டும் அடிவானம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் விழும். தரையில் நிற்பவருக்கு அது 5 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. ஆக ஐந்து மடங்கு உலகம் கிடைக்கிறது என்பது கணக்குப்படி சரியே. ஆனால் இருக்கைகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று கவனித்தவர் குறைவு. அவை மேசையை நோக்கி, அதாவது நகரத்துக்கு முதுகு காட்டி, அமைந்தவை. உண்பவர் காண்பது எதிரே உள்ள பதினொருவரின் முகங்களும், நடுவே கரண்டியுடன் நிற்பவரும், அவர்களுக்கிடையே சந்து கிடைத்தால் ஒரு கோபுர நுனியும். இருக்கையைத் திருப்பிக்கொள்ளலாமே எனின், திருப்பலாம். திருப்பினால் நகரம் முன்னால் வரும், தட்டு பின்னால் போகும். ஒரே நேரத்தில் உண்ணவும் காணவும் இயலாதபடி அமைத்த மேசையைக் காட்சிக்காகச் செய்தது என்று சொல்வது, செய்தவர்களின் அறிவைக் குறைத்து மதிப்பிடுவதாகும். உயரமும் காட்சியும் மட்டும் வேண்டுவோருக்கு உலகம் முன்பே வழிசெய்துவிட்டது. 1889இல் பாரிசில் ஐஃபில் கோபுரம் திறந்தபோதே அதன் முதல் தளத்தில், 57 மீட்டர் உயரத்தில், உணவகங்கள் இருந்தன. துபாயின் புர்ஜ் கலீஃபாவில் 122ஆம் மாடியில், 442 மீட்டரில், ஓர் உணவகம் இருக்கிறது. இரண்டிலும் தரை உண்டு, கதவு உண்டு, கை கழுவும் இடமும் உண்டு. கோபுரம் கண்ணில் படாமல் இருக்கும் ஒரே இடம் அதுவே என்பதற்காகப் பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசான் ஐஃபில் கோபுரத்தில் போய் உண்டார் என்று ஒரு கதை வழங்குகிறது. அந்தரப் பந்தியிலும் நிலை அதுவே: 22 பேர் கிரேனில் தொங்கிக்கொண்டு சூப் குடிப்பதுதான் அங்கே காணத்தக்க காட்சி, அதை முழுமையாகக் காண்பவர்கள் கீழே காசு கொடுக்காமல் நிற்பவர்கள்.

அச்சத்தை விலைகொடுத்து வாங்குகிறார்கள் என்ற கொள்கைக்கு நாட்டில் செல்வாக்கு அதிகம். அதன் குறை உடற்கூற்றியலில் இருக்கிறது. அஞ்சிய உடல் ரத்தத்தைத் தசைகளுக்கு அனுப்பிவிட்டுக் குடலைக் காத்திருக்கச் சொல்கிறது. வாய் உலர்கிறது, செரிமானம் தளர்கிறது. அச்சம் மெய்யானால் உணவு வீண். உணவு இறங்கினால் அச்சம் பொய். இரண்டுக்கும் சேர்த்து ஒருவர் பணம் கட்டுகிறார் என்றால் அவர் எதை வாங்குகிறார் என்பது விளங்காமலே போகும். அச்சம் மட்டும் வேண்டுவோர் ராட்டினத்துக்குப் போகலாம். அங்கே சூப் கொட்டாது. தொங்குணவியலில் அச்சத்துக்கு உரிய ஒரே இடம் கரண்டி பற்றிய அதிகாரம். 50 மீட்டரிலிருந்து நழுவும் கரண்டி, காற்றின் தடையை நீக்கிக் கணக்கிட்டால், சுமார் 3.2 நொடியில் மணிக்கு 113 கிலோமீட்டர் வேகத்தோடு தரையைத் தொடும். அப்பளத்துக்கு இக்கணக்கு செல்லாது. அது தன் மனம்போல் வரும்.

பெருமைக் கொள்கையே நான்கில் வலுவானது, அதற்கு வரலாறும் துணைநிற்கிறது. ரோமப் பேரரசர் காலிகுலா, வெலித்ரே என்னும் ஊரில் ஒரு பெரிய மரத்தின் கிளைகள்மேல் பலகை பரப்பிப் பதினைந்து விருந்தினரோடும் பணியாட்களோடும் விருந்துண்டார் என்றும், அவ்விடத்தைத் தம் 'கூடு' என்று அழைத்தார் என்றும் ரோம எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். அந்த மரத்தின் நிழலில் கணிசமான பங்கு பேரரசரின் உடம்பே தந்தது என்றும் அவர் சேர்த்திருக்கிறார். பேரரசர் இறந்த பிறகு எழுதியதால் துணிந்திருக்கிறார். இதைப் பெருமைக்குச் சான்றாகக் காட்டுவோர் ஒன்றை மறந்தனர். பேரரசர் எழும்முன் அந்தப் பதினைந்து பேரில் எவரால் எழ முடியும்? மரம் சும்மா மரம். அவர்களை இருக்கையில் பிணைத்தது காலிகுலா. அந்த வேலையைத்தான் இன்று பெல்ட் செய்கிறது, மனிதாபிமானத்தோடு. மறுபுறம், 1932 செப்டம்பர் 20 அன்று நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் மையத்தில், கட்டி முடியாத கட்டடத்தின் 69ஆம் மாடியில், சுமார் 260 மீட்டர் உயரத்து இரும்பு உத்திரத்தில் பதினொரு தொழிலாளர்கள் வரிசையாக அமர்ந்து மதிய உணவு கொள்ளும் புகைப்படத்தை உலகே அறியும். கட்டடத்தின் விளம்பரத்துக்காக ஏற்பாடு செய்து எடுத்த படம்தான், உயரம் மெய். நம் மேசையைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் உயரம், பெல்ட் கிடையாது, கூலியும் உண்டு. பெருமை உயரத்தால் வருவதாயின் அந்தப் பதினொருவர் பேரரசர்களாகியிருக்க வேண்டும். அவர்களோ உணவு முடிந்ததும் எழுந்து வேலைக்குப் போனார்கள். எழ முடிந்தவர்கள் கூலி பெற்றனர். எழ முடியாதவர்கள் கட்டணம் செலுத்துகின்றனர். நம் கோட்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

எழாமைக்கு ஏன் விலை? இதை விளக்கத் தமிழரின் பந்திமுறை உதவும். பந்தியில் பக்கத்து இலைக்காரர் முடிக்கும்முன் எழுவது முறைகேடு என்று பெரியவர்கள் விதித்தார்கள். விதி இருந்தவரை, மெதுவாக உண்பவருக்கும் மோர்ச்சோறு கிட்டியது. இன்றைய கல்யாண மண்டபத்தில் நிலை வேறு. பாயசம் வருமுன்பே அடுத்த பந்திக்காரர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் மூச்சு உண்பவரின் பிடரியில் படுகிறது. மேசைக் காகிதத்தைச் சுருட்ட ஓர் ஆள் ஓரத்தில் தயாராகிறார். தரைமேல் உள்ள எந்த உணவிடத்திலும் உண்பவரை எழுப்ப இருவர் உண்டு: ஒருவர் அவரே, மற்றவர் பின்னால் நிற்பவர். 50 மீட்டரில் முதலாமவரைப் பெல்ட் தடுக்கிறது, இரண்டாமவரை வெறும் காற்று தடுக்கிறது. தொங்கும் சுமைக்குக் கீழே ஆள் நிற்கக் கூடாது என்பது கிரேன் தொழிலின் பாலபாடமாதலால் அடியிலும் ஒருவர் இல்லை. உலகில் எவராலும் எழுப்ப முடியாத நாற்காலி அது ஒன்றே. பந்திக்கு முந்த வேண்டிய தேவையும் அங்கே ஒழிந்தது. 22 பேரும் ஒரே நொடியில் முந்துகிறார்கள். இக்கட்டு சமையற்காரருக்கும் உண்டு என்பதே இதன் அழகு. கீழே உப்பு கூடினால் அவர் கதவுக்குப் பின்னால் இருப்பார், திட்டு வாங்குபவர் பரிமாறும் பையன். மேலே, உப்பிட்டவரே உண்டவரின் எதிரே, அவரைப்போலவே கட்டப்பட்டு, இறங்கும்வரை நிற்கிறார். உணவகங்களின் நெடிய வரலாற்றில் இவ்வளவு நேர்மையான ஏற்பாடு வேறில்லை.

இனித் தடைகள். விமானத்திலும் பெல்ட் கட்டித்தானே உண்கிறோம், அங்கே ஏன் இந்த இன்பம் இல்லை எனின், விமானத்தில் பெல்ட்டை அவிழ்த்து வரிசையில் போய் நிற்கலாம். தவிர விமானம் எங்கோ போகிறது, உணவு அதில் வழிப்போக்கு. அந்தரப் பந்தி எங்கும் போவதில்லை. காற்று பலத்தால் மேசையை ஏற்றாமல் விட்டுவிடுவார்களே எனின், அது கோட்பாட்டின் குறையன்று, காற்றின் குறை. கழிவறை இல்லாத மேசையில் ஒருவருக்கு அவசரம் வந்தால் என் செய்வது என்பதே எதிரிகளின் கடைசி ஆயுதம். மேசையை இறக்குவார்கள், ஆகவே எழலாம், ஆகவே கோட்பாடு வீழ்ந்தது என்பது அவர்கள் வாதம். இறங்குவது ஒருவரா என்று பார்க்க வேண்டும். அவர்பொருட்டு மற்ற 21 பேரும், சமையற்காரரும், பாதி ஊற்றிய சாறும், கூடவே இறங்கியாக வேண்டும். ஒருவரின் சிறுநீர்ப்பை முழுப் பந்தியின் பொதுப்பிரச்சினை ஆகிறது. தனியே எழுதல் கூடாது, எழுந்தால் அனைவரும் எழுக என்ற பழைய பந்தி விதியே இங்கு இரும்பில் நிறைவேறுவதால், தடை கூறியவர்கள் நம் கோட்பாட்டுக்கே தூண் நட்டிருக்கிறார்கள். ஒரு குறையை மட்டும் மறைக்காமல் சொல்வோம்: கையால் பிசைந்து உண்பவருக்கு இம்மேசை இரக்கம் காட்டாது. கழுவ இடமின்றி, சாம்பார் காய்ந்த விரல்களோடு கிரேன் இறங்கும்வரை அவர் நகரத்தை ரசித்தாக வேண்டும்.

இக்கண்டுபிடிப்பை நம் கல்யாணங்களுக்குப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி இயல்பாக எழும். முழுக் கல்யாணத்துக்கு ஆகாது. ஆயிரம் பேர் விருந்துக்கு 46 முறை தூக்க வேண்டும். தடவைக்கு ஒரு மணி என்றாலும் இரண்டு நாள் கழியும், கடைசிப் பந்தி இறங்கும்போது பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீட்டில் இருப்பார்கள். ஆனால் பந்தியிலிருந்து எழும் உரிமையைத் தொழிலாகவே வளர்த்தவர் ஒரு சாரார் உண்டு. அப்பளம் பொரியவில்லை என்றும், தம் பக்கத்து மாமாவை யாரும் 'வாங்க' என்று கேட்கவில்லை என்றும் இலையை உதறி எழுந்து, கல்யாணத்தையே அந்தரத்தில் தொங்கவிட்டவர்கள் அவர்கள். மாப்பிள்ளை வீட்டாரில் எழக்கூடியவர்களுக்கு 22 இருக்கைகள் தாராளமாகப் போதும். ஆகவே மண்டப உரிமையாளர்களுக்கு இவ்வாய்வின் பரிந்துரை: முகூர்த்த நாள்களில் மண்டபத்துக்கு ஒரு மேசையும் ஒரு கிரேனும் சம்பந்திகளுக்கென்றே ஒதுக்கப்பட வேண்டும். கிரேன் ஓட்டுபவரைப் பெண் வீட்டார் நியமிக்க வேண்டும்.