சும்மா இருந்தால் என்ன நடக்கும்?

வா மோனை, உந்தக் கதிரையை இழுத்துப் போட்டு இரு. லண்டனிலை சட்டம் படிக்கிறனீ எண்டு உன்ரை கொம்மா ரெலிபோனிலை நூறு தரம் சொல்லிப்போட்டாள். நல்ல விசயம். எங்கடை பரம்பரையிலை வழக்குக்குப் போய் அழிஞ்ச ஆக்கள் கனபேர். வழக்கிலை உழைக்கப் போற முதல் ஆள் நீதான். ஒப்பந்தம் ஒண்டும் இல்லாமல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளிக்கிட நிண்ட அரசாங்கத்தைப் பாராளுமன்றம் மறிக்கேலுமோ எண்டதுதானே உன்ரை ஆராய்ச்சி? ஏலும் எண்டும் எழுதாதை, ஏலாது எண்டும் எழுதாதை. ஒருத்தரும் ஒண்டும் செய்யாமல் சும்மா இருந்தால் என்ன நடக்கும் எண்டு முதல் கேள். விடை அதுக்கைதான் கிடக்கு.

சிரிக்கிறாய். நீ சட்டம் படிச்சது கண்ணாடிக் கட்டிடத்திலை, நாங்கள் படிச்சது வேலியிலை. பக்கத்து வளவுக்காரன் வருசா வருசம் வேலி அடைக்கேக்கை கதியாலை ஒரு சாண் தள்ளிப் போடுவான். நீ பாத்தும் பாராமலும் இருப்பாய், சொந்தக்காரன்தானே எண்டு. 1871ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் எழுதி வைச்ச சட்டம் ஒண்டு இருக்கு, இப்பவும் உயிரோடை. பத்து வருசம் தடையில்லாமல் ஆண்டு அனுபவிச்சால் காணி அவனுக்கு. உன்ரை உறுதியைப் பெட்டகத்துக்கை வைச்சுப் பூசை செய்யலாம். உன்ரை பூட்டன் ஒரு முழ நிலத்துக்கு வழக்காடி, இரண்டு பரப்புக் காணியை அப்புக்காத்துக்கு எழுதிக் குடுத்தவர். வெண்டவர்தான், ஓம்.

லண்டனிலை நடந்ததும் உந்தக் கதைதான். 2017 மார்ச் 29ஆம் திகதி பிரதமர் தெரேசா மே அம்மா பிரசெல்சுக்கு விலகல் கடிதம் குடுத்தா. குடுத்தவுடனை நாள் குறிச்சாச்சு. இரண்டு வருசத்திலை ஒப்பந்தம் வந்தாலும் வெளியிலை, வராட்டிலும் வெளியிலை. அந்தக் கடிதத்தைக் குடுக்க அதிகாரம் குடுத்தது ஆர்? அதே பாராளுமன்றம். ஜீனா மில்லர் எண்ட மனிசி கோடேறி, ‘பாராளுமன்றத்தைக் கேளாமல் விலகேலாது’ எண்டு 2017 சனவரியிலை தீர்ப்பு எடுத்துக் குடுத்தா. உடனை எல்லாருமாய்க் கூடி, சரி விலகு எண்டு சட்டம் போட்டினம். மறிக்கிற நேரத்திலை கதவைத் திறந்து விட்டிட்டு, பேந்து படலையடியிலை நிண்டு குளறினால் என்ன செய்யிறது?

2019 சனவரி 15ஆம் திகதி மே அம்மாவின்ரை ஒப்பந்தத்தை 432க்கு 202 எண்டு தோக்கடிச்சினம். வாசிகசாலையிலை பேப்பர் பாத்த எங்கடை பொன்னையா வாத்தியார், “அப்ப அரசாங்கத்தை மறிச்சுப்போட்டாங்கள்” எண்டார். “வாத்தியார், ஒப்பந்தத்தை எல்லே மறிச்சவங்கள்? ஒப்பந்தம் போனால் ஒப்பந்தமில்லாமல் போறதுதானே மிச்சம்?” எண்டன். மனிசன் மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சவர். பேந்து மார்ச் 13ஆம் திகதி, ஒப்பந்தமில்லாமல் போகவே கூடாது எண்டும் வாக்குப் போட்டினம். நல்ல வாக்கு. ஆனால் சட்டத்திலை எழுதியிருந்த திகதி அதாலை அசையேல்லை. சபையின்ரை விருப்பம் வேறை, சட்டம் வேறை. விருப்பத்தாலை மறிக்கிறதெண்டால் இந்த ஊரிலை ஒரு கலியாணமும் நடந்திராது.

அதுக்குப் பிறகுதான் சபையிலை இருந்த பெடியளுக்கு விளங்கினது, சும்மா இருந்தால் போறது நிச்சயம், மறிக்க வேணுமெண்டால் சட்டம் போட வேணும் எண்டு. ஏப்ரல் 3ஆம் திகதி, இன்னும் நாள் நீட்டக் கேள் எண்ட சட்டத்தை 313க்கு 312, ஒரேயொரு வாக்காலை கரை சேத்தினம். பிறகு பிரதமராய் வந்தார் பொறிஸ் ஜோன்சன். தலையும் கலைஞ்சு, பேச்சும் கலைஞ்சு. இவர் பாராளுமன்றத்தை ஐஞ்சு கிழமைக்கு ஒத்திவைச்சார். சும்மா இருந்தால் தன்ரை பக்கம் வெல்லும் எண்டு தெரிஞ்ச மனிசன், மற்றவையைச் சும்மா இருக்க வைக்கப் பாத்தார். நான் அந்த ஆளைக் குறைச்சு மதிக்க மாட்டன்.

ஆனால் பூட்டு விழமுதல், செப்ரெம்பர் 9ஆம் திகதி, எதிர்க்கட்சி எம்பி ஹிலரி பென் கொண்டந்த சட்டம் அமுலுக்கு வந்திட்டுது. ஒக்ரோபர் 19ஆம் திகதிக்குள்ளை ஒப்பந்தத்துக்கோ ஒப்பந்தமில்லாமல் போறதுக்கோ சபை ஓம் எண்டு சொல்லாட்டில், பிரதமர் நாள் நீட்டக் கேட்டுக் கடிதம் போட வேணும். அதோடை நிண்டவையோ? கடிதத்தின்ரை வாசகத்தையே சட்டத்தின்ரை வாலிலை எழுதி வைச்சினம். ஒரு சொல்லை மாத்தி எழுதிக் கள்ளம் செய்வார் எண்டு ஆளை வடிவாய் அறிஞ்சுதான் செய்தவை. பொறிஸின்ரை சொந்தக் கட்சிக்காரர் 21 பேர் எதிர்த்து நிண்டு வெளியிலை போனவை. சேர்ச்சிலின்ரை பேரனும் அதுக்கை ஒராள். செப்ரெம்பர் 24ஆம் திகதி பதினொரு நீதவான்மார் ஒரே குரலிலை ஒத்திவைப்புச் செல்லாது எண்டினம். நாள் நீட்டக் கேக்கிறதிலும் பாக்க கிடங்குக்கை செத்துக் கிடக்கிறது திறம் எண்டு சொன்ன மனிசன், கடைசியிலை கடிதத்தை அனுப்பினவர்தான். கையெழுத்தில்லாமல் ஒண்டு, அது பிழையான வேலை எண்டு கையெழுத்து வைச்சு இன்னொண்டு. கலியாணக் காட்டையும் அனுப்பி, வராதை எண்டு ரெலிபோனும் எடுக்கிற சொந்தக்காரர் இஞ்சையும் இருக்கினம்.

உதெல்லாம் உனக்குத் தெரியும், முகத்திலை எழுதிக் கிடக்கு. சரி, உன்ரை வாத்திமாருக்குத் தெரியாத ஒண்டு சொல்லுறன். உந்தக் கூத்தை அவையள் ஆடினதுக்கு முதல் வருசமே நாங்கள் கொழும்பிலை ஆடி முடிச்சிட்டம்.

2018 ஒக்ரோபர் 26, வெள்ளிக்கிழமை பொழுதுபட்ட நேரம். சனாதிபதி மைத்திரிபால சிறிசேன, ரணில் பிரதமராய் இருக்கத்தக்கதாய் முந்தின சனாதிபதி மகிந்தவைப் பிரதமராக்கினார். அடுத்த நாள் பாராளுமன்றத்தை நவம்பர் 16 வரைக்கும் ஒத்திவைச்சார். 225 பேர் இருக்கிற சபையிலை 113 பேர் வேணும். ஆள் சேக்க நாள் வேணும். ஆளுக்கு என்ன விலை எண்டு தேத்தண்ணிக் கடை எல்லாம் ஏலம் போனது. நாள் காணாமல் போக, நவம்பர் 9ஆம் திகதி சபையையே கலைச்சு, சனவரி 5ஆம் திகதி தேர்தல் எண்டு வர்த்தமானி அடிச்சார். நாலரை வருசம் போகமுதல் கலைக்கேலாது எண்டு 2015ஆம் ஆண்டு பத்தொன்பதாம் திருத்தத்திலை எழுதிக் கிடந்தது. அந்தத் திருத்தத்தைக் கொண்டந்த அரசாங்கத்துக்கே சனாதிபதி இவர்தான். தானே அடைச்ச வேலியைத் தானே பிரிச்ச மனிசன்.

இஞ்சையும் அதே கேள்வியைக் கேள். சும்மா இருந்தால் என்ன? மகிந்த கதிரையிலை, தேர்தல் வருகுது. அப்ப மறிக்கிறவைதான் ஓடித் திரிய வேணும். நவம்பர் 13ஆம் திகதி உயர் நீதிமன்றம் கலைப்பை இடைநிறுத்தினது. அடுத்த நாள் நம்பிக்கையில்லாப் பிரேரணை. 16ஆம் திகதி சபைக்குள்ளை என்ன நடந்தது எண்டு நீ வீடியோவிலை பாத்திருப்பாய். சபாநாயகர் கரு ஜயசூரியவின்ரை கதிரையிலை வேறை ஆள் ஏறி இருக்க, அவர் பொலிஸ்காரர் சுத்திவர உள்ளுக்கு வந்தார். புத்தகம் பறந்தது, கதிரை பறந்தது, தண்ணியிலை கரைச்ச மிளகாய்த்தூளும் பறந்தது. பொலிஸ்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிண்டினம். உன்ரை அப்பம்மா ரீவியைப் பாத்து, “தூள் நல்லாய் வறுத்திருக்காது, இல்லாட்டில் ஒருத்தரும் எழும்பியிருக்க மாட்டினம்” எண்டா.

குரல் வாக்காலை தோத்த மகிந்த எழும்பினவரோ? இல்லை. அரசியலமைப்பு எண்ட புத்தகம் ஆளைக் கையிலை பிடிச்சு எழுப்பாது. நவம்பர் 29ஆம் திகதி பிரதமரின்ரை காரியாலயச் செலவை நிப்பாட்டுற பிரேரணையை 123 வாக்காலை நிறைவேத்தினம், எதிர்த்து ஒருத்தரும் இல்லை. 122 எம்பிமார் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போய், என்ன உரித்திலை உந்தக் கதிரையிலை இருக்கிறீர் எண்டு கேட்டினம். டிசெம்பர் 3ஆம் திகதி அங்கை இடைக்காலத் தடை. காசும் இல்லை, கையெழுத்துக்கும் மதிப்பில்லை எண்ட பிறகுதான் கதிரை சுடத் தொடங்கினது. 13ஆம் திகதி உயர் நீதிமன்றத்திலை ஏழு நீதவான்மாரும் ஒருமிச்சுக் கலைப்புச் செல்லாது எண்டினம். 16ஆம் திகதி ரணில் திரும்பவும் சத்தியம் பண்ணினார்.

அந்த வழக்குக்கு என்ன பேர் எண்டு பாத்தனியோ? சம்பந்தன் எதிர் சட்டமா அதிபர். எங்கடை ஆள்தான் முன்னுக்கு. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின்ரை பதினாலு பேரும் பக்கத்திலை நிண்டபடியால்தான் ரணிலுக்குத் தொகை நிரம்பினது. கைமாறாய் என்ன கிடைச்சது எண்டு கேளன். ரணில் கதிரை ஏறி இரண்டு நாளிலை, 18ஆம் திகதி, எதிர்க்கட்சித் தலைவர் பதவி சம்பந்தன் ஐயாவிட்டை இருந்து மகிந்தவுக்குப் போனது. பாராளுமன்றத்தைக் காப்பாத்தப் போன மனிசன் பாராளுமன்றத்துக்குள்ளை இருந்த கதிரையைக் குடுத்திட்டு வந்தார். ஐயா இப்ப இல்லை; பகிடிக்கு மன்னிக்க வேணும்.

ஒப்பந்தமில்லாமல் வெளிக்கிடுறது உங்கடை இங்கிலீசுக்காரருக்குத்தான் மோனை புதினம். இஞ்சை அது பழைய தொழில். 1957 யூலை 26ஆம் திகதி பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் எழுதின ஒப்பந்தம் 1958 ஏப்ரல் 9ஆம் திகதி, வீட்டு வாசலிலை வந்து குந்தின பிக்குமாருக்கு முன்னாலை போச்சு. 1965இலை டட்லியோடை எழுதினதும் வழியிலை வாடிப்போச்சு. 2002 பெப்ரவரியிலை புலிகளோடை கையெழுத்தான போர்நிறுத்தத்தை விட்டு 2008 சனவரியிலை அமைச்சரவை வெளிக்கிட்டது. 2015இலை ஜெனீவா மனித உரிமைச் சபையிலை தாங்களும் சேந்து கொண்டந்த தீர்மானத்தை விட்டு 2020 பெப்ரவரியிலை விலகினம் எண்டினம். உதிலை எதுக்கெண்டாலும் ஒரு எம்பி எழும்பி, சபையைக் கேளாமல் விலகேலாது எண்டு கோடேறினதை நான் காணேல்லை. ஏனெண்டால் ஒண்டும் சட்டமாகேல்லை. சட்டமாகாத ஒப்பந்தத்தைக் கொல்ல வேண்டியதில்லை. தண்ணி விடாமல் இருந்தாலே காணும்.

சட்டமானது ஒண்டு இருக்கு எண்டு சொல்லுவாய். இந்திய ஒப்பந்தத்தோடை வந்த பதின்மூண்டாம் திருத்தம், மாகாண சபை. இப்பதான் நீ சரியான படலைக்கு வந்திருக்கிறாய்.

வடமாகாண சபைக்கு 2013 செப்ரெம்பர் 21ஆம் திகதி முதல் தேர்தல். ஐஞ்சு வருசம் முடிஞ்சது 2018 ஒக்ரோபர் 24. நாளைப் பார்: சிறிசேனவின்ரை கூத்துக்கு இரண்டு நாள் முந்தி. கொழும்பிலை ஜனநாயகம் கடத்தப்பட்டது எண்டு உலகம் முழுக்கக் குளறேக்கை, கைதடியிலை ஒரு சபை ஆரும் கடத்தாமலே போச்சு. ஒரு தூதுவரும் அறிக்கை விடேல்லை.

எப்பிடிப் போனது? அதைத்தான் நீ வடிவாய்ப் படிக்க வேணும். 2017 செப்ரெம்பரிலை, மாகாண சபைத் தேர்தலிலை பெண்களுக்குக் கூட இடம் குடுக்கிற சட்டமூலம் எண்டு ஒண்டு வந்தது. நல்ல நோக்கம், ஆர் எதிர்ப்பினம்? குழுநிலையிலை வைச்சு அதுக்குள்ளை புதுத் தேர்தல் முறையையும் எல்லை நிர்ணயத்தையும் செருகி, மூண்டிலை இரண்டு பெரும்பான்மையோடை நிறைவேத்தினம். ஆர் ஆர் கை உயர்த்தினவை எண்டு என்னட்டைக் கேளாதை. சிலபேர் எங்கடை வீட்டுக் கலியாணத்துக்கும் வந்தவை. பழைய முறை போச்சு. புது முறைக்கு எல்லை நிர்ணய அறிக்கையைச் சபை ஏற்க வேணும். 2018 ஓகஸ்ட் 24ஆம் திகதி வாக்கெடுப்பு: எதிர்த்து 139, ஆதரிச்சு ஒருத்தரும் இல்லை. அறிக்கையைக் கொண்டந்த அமைச்சரே எதிர்த்துத்தான் வாக்குப் போட்டவர். தான் பெத்த பிள்ளைக்குத் தானே குழி வெட்டின தகப்பனை நான் வேறை எங்கையும் காணேல்லை. பிறகு பிரதமர் தலைமையிலை மீளாய்வுக் குழு, இரண்டு மாதத்திலை திருத்தித் தர வேணும். இரண்டு மாதம் முடியிற நேரத்திலைதான் பிரதமர் ஆர் எண்டே தெரியாமல் போன காலம். குழுவின்ரை அறிக்கை வரேல்லை. 2019இலை பழைய முறையிலை நடத்தலாமோ எண்டு சனாதிபதி உயர் நீதிமன்றத்தைக் கேக்க, ஏலாது, சட்டம் இடம் குடாது எண்டினம். அதுவும் சரிதான்.

அப்ப பாராளுமன்றம் மறிக்குமோ எண்டு இனி என்னைக் கேள். ஓம், நல்லாய் மறிக்கும். லண்டனிலை அரசாங்கத்தை மறிக்க ஒன்பது மாதம் உருண்டு பிரண்டவை. இஞ்சை எங்கடை தேர்தலை மறிக்க ஒருத்தரும் ஒரு துரும்பும் தூக்க வேண்டியதில்லை. சும்மா இருக்கினம், தேர்தல் இல்லை, ஆளுநர் ஆளுறார். அரசாங்கம் மாறுது, சனாதிபதி மாறுறார், எல்லாரும் நடத்துவம் எண்டினம். நடத்தாமல் விட்டதுக்கு ஒருத்தர் மேலையும் வழக்கு வைக்கேலாது, ஏனெண்டால் ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை. பத்து வருசம் ஆக இன்னும் எவ்வளவு நாள் கிடக்கு எண்டு எண்ணிப் பார், நீ கணக்கிலும் கெட்டிக்காரன்தானே.

உனக்கு ஒரு வேலை தாறன். ஆராய்ச்சியை முடிச்சுப்போட்டு, அந்த 2017ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்து வைச்சு ஒரு திருத்தம் எழுது. பெரிசாய் ஒண்டும் வேண்டாம். ஹிலரி பென்னின்ரை ஆக்கள் செய்தமாதிரி, வாசகத்தையும் நீயே எழுதி வாலிலை கட்டு. சபையின்ரை காலம் முடிஞ்சு இத்தனை நாளுக்குள்ளை புது எல்லை சரிவராட்டில், தேர்தல் ஆணைக்குழு பழைய விகிதாசார முறையிலை நாள் குறிக்க வேணும். அமைச்சரைக் கேக்கத் தேவையில்லை. ‘குறிக்கலாம்’ எண்டு எழுதாதை, ‘குறிக்க வேண்டும்’ எண்டு எழுது. இஞ்சை அமைச்சர்மார் ‘லாம்’ எண்டதைப் பிடிச்சுக்கொண்டு ஆயுசு முழுக்கத் தூங்குவினம். எழுதி முடிச்சால் எல்லாக் கட்சிக்காரருக்கும் ஒவ்வொரு பிரதி குடு, வாங்கி வைச்சுக்கொண்டு நல்லது தம்பி எண்டு சொல்லுவினம். கைதடிக்கும் ஒண்டு அனுப்பி விடு. அங்கை சபை மண்டபத்திலை இருந்து ஆறுதலாய் வாசிக்கலாம், குறுக்கை எழும்பி ஒழுங்குப் பிரச்சினை கிளப்ப இப்ப ஒருத்தரும் இல்லை.