பெட்டி மாமா

நங்கநல்லூரில் ஒரு வீட்டுக்கு விசா வந்துவிட்டால், சேதி சம்பந்தி வீட்டை எட்டுமுன் பெட்டி மாமாவை எட்டிவிடும். யாரும் சொல்லியனுப்ப வேண்டாம். சாயங்கால நடை முடிந்து திரும்புகிறவர், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்பார்: "எந்த ஏர்லைன்ஸ்? எத்தனை பீஸ்? வழியில எங்க இறங்கறேள்?" போவது யார், எதற்கு என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம்.

இவர் நங்கநல்லூருக்கு மட்டும் வாய்த்தவர் என்று நினைக்க வேண்டாம். பிள்ளைகளைக் கடல் தாண்டி அனுப்பிய தெரு எதுவானாலும் அங்கே ஒருவர் இருப்பார். வங்கியிலோ மின்வாரியத்திலோ ஓய்வு பெற்றவர். கையில் பழுப்பு டேப், நைலான் கயிறு, மார்க்கர் பேனா. உலகம் சுற்றியவர் என்றும் எண்ணிவிடக் கூடாது. பாஸ்போர்ட் இருக்கிறது, இரண்டு தடவை புதுப்பித்தும் ஆயிற்று. வெகுகாலம் உள்ளே ஒரு முத்திரை விழுந்ததில்லை.

ஆனால் எண்கள் மனப்பாடம். அமெரிக்கா என்றால் ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கைப்பையில் திரவம் 100 மில்லி. "ஒரு பெட்டி 24, இன்னொண்ணு 22. மொத்தம் 46தானே மாமா?" என்று கேட்ட ஒரு இன்ஜினீயரை அவர் பார்த்த பார்வையில், அந்தப் பிள்ளை தன் பட்டத்தைப் பல்கலைக்கழகத்திடமே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று யோசித்திருப்பான்.

அந்த 100 மில்லி மீது மாமாவுக்குத் தீராத மனக்குறை. 2006 ஆகஸ்டில், திரவ வெடிபொருளைக் கொண்டுபோய் விமானங்களைத் தகர்க்கும் சதி லண்டனில் பிடிபட்டது. அதிலிருந்துதான் இந்தக் கெடுபிடி. சதிகாரர்கள் மேல் ஊருக்கெல்லாம் ஆயிரம் கோபம் இருக்கலாம். மாமாவின் கோபம் புளிக்காய்ச்சலைப் பற்றியது. அது திடமா, திரவமா? கரண்டியைக் கவிழ்த்தால் விழாது, ஆகவே திடம் என்பது மாமியின் கட்சி. "செக்யூரிட்டியில கரண்டி கேக்க மாட்டான்" என்று அதைப் பெரிய பெட்டிக்கு அனுப்பிவிடுவார் மாமா.

ஆரம்பத்தில் அவரிடம் இருந்தது நின்று பார்க்கும் தராசு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுவார்: 91. கீழே வைத்துவிட்டு ஏறுவார்: 68. கழித்தால் 23. நாளடைவில் இரண்டாவது தடவை ஏறுவதை விட்டுவிட்டார். 68 என்றைக்கும் மாறாத எண் என்று தீர்மானம் ஆகிவிட்டது. தீபாவளி கழித்துக் கிளம்பியவர்களின் பெட்டிகள் மட்டும் மீனம்பாக்கத்தில் இரண்டு கிலோ குறைவாகக் காட்டியதன் மர்மம் வெகுநாள் துலங்கவில்லை. இப்போது உள்ளங்கையில் அடங்குகிற கொக்கித் தராசு வந்துவிட்டது. மாமாவின் உடல்நிலைக்கும் பயணிகளின் ஊறுகாய்க்கும் இருந்த தொடர்பு அறுந்தது.

அவர் பெட்டி கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். காலி இடம் என்றாலே அவருக்கு அவமானம். குக்கருக்குள் அப்பளம் போகும். இட்லித் தட்டின் குழிகளில் திரிநூலும் வசம்பும் போகும். ஷூவுக்குள் சாக்ஸ், சாக்ஸுக்குள் பெருங்காய டப்பா. பட்டுப்புடவை கட்டிக்கொள்வதற்கு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மாமாவைக் கேட்டால், அது சேவை நாழிக்கு அடிபடாமல் சுற்றுகிற துணி. பெண்ணின் பிரசவத்துக்குப் போகிற அம்மா என்றால் கணக்கே வேறு. லேகியம், கஸ்தூரி மஞ்சள், குழந்தையைத் துடைக்கப் பழைய மெல்லிய வேட்டித் துண்டுகள். இதற்கெல்லாம் மாமா ஒரு பிடி எடையைக்கூடப் பேரம் பேச மாட்டார். பேரமெல்லாம் கணவரின் துணிமணியில்தான். நான்கு பேன்ட்டோடு ஆரம்பித்தவர், மாவடு வந்ததும் மூன்றுக்கு இறங்குவார், கூழ்வடாம் வந்ததும் இரண்டுக்கு. கடைசியில், "உமக்கென்ன ஓய் அங்க ஆபீஸா?" என்று ஒரே கேள்வி. எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது.

இத்தனைக்கும் நடுவே போனில் பெண் கத்துவாள்: "அம்மா, இங்க எல்லாமே கிடைக்கறதும்மா!" பொய்யில்லை. சிகாகோவின் டெவன் அவென்யூவில் படேல் பிரதர்ஸ் கடை திறந்தது 1974-ல். நியூ ஜெர்சியின் ஓக் ட்ரீ ரோடுக்குப் போனால் முருங்கைக்காய்கூட வாங்கலாம். அந்தக் கடைப் புளியும் இங்கிருந்து கப்பலில் போனதாகவே இருக்கலாம். மாமா போனை வாங்கி, "கிடைக்கும்மா, ஆனா அது உங்க அம்மா கொட்டை எடுத்த புளி ஆகுமா?" என்பார். எதிர்முனையில் பேச்சு நின்றுவிடும். புளி இரண்டு கிலோ உள்ளே போய்விடும்.

சேர்ப்பதில் இவ்வளவு தாராளம் என்றால், விலக்குவதில் சுங்க இலாகா தோற்கும். துபாய் வழியாகப் பயணம் என்று தெரிந்தால் முதல் வேலை கசகசாவைப் பிடித்து வெளியே போடுவது. அங்கே அது தடை செய்யப்பட்ட பண்டம். கொப்பரைக்கும் இடமில்லை, எண்ணெய்ப் பசையால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்று விமானத்துறை பட்டியல் போட்டிருக்கிறது. பவர் பேங்க் கைப்பையில்தான். கறிவேப்பிலை விஷயத்தில் மட்டும் மாமிகள் சும்மா விடுவதில்லை. "இலைதானே, என்ன பண்ணிடும்?" மாமா நிதானமாகச் சொல்வார்: "அதுல ஒட்டிண்டிருக்கற ஒரு பூச்சி ஆரஞ்சு மரத்துக்கு வியாதி பரப்பறது. புளோரிடாவில 2005-லேர்ந்து தோட்டம் தோட்டமா போயிண்டிருக்கு." மாமி மிரண்டுபோய்த் தலையாட்டுவாள். ராத்திரி மாமா மறுபடி ஒருதரம் சோதிக்கையில், ரவிக்கை மடிப்பிலிருந்து இரண்டு கொத்து வெளியே வரும். "பொடி, பருப்பு எல்லாம் இருக்குன்னு அங்க கேட்டா ஒளிக்காம சொல்லிடு. ஒளிச்சாத்தான் வம்பு" என்று எச்சரித்துவிட்டு, கைப்பற்றிய கறிவேப்பிலையைத் தன் வீட்டு ரசத்துக்கு எடுத்துப்போவார்.

கடைசி இரண்டு நாள் பொட்டலக்காரர்களின் நாள். "எங்க நாட்டுப்பெண்ணுக்கு ஒரு சின்னப் பொட்டலம், அரைக்கிலோகூட இருக்காது." பயணிக்கு மறுக்க வாய் வராது. இந்த நேரத்தில்தான் மாமா தெய்வம். கொக்கியில் பொட்டலத்தை மாட்டி, கொண்டுவந்தவர் கண்ணெதிரே தூக்கிக் காட்டுவார். ஒன்று புள்ளி ஆறு. வந்தவர், "தராசு சரியில்லையோ?" என்பார். "அதுல உங்களையும் மாட்டிப் பாத்துடலாமா?" என்பார் மாமா. பொட்டலம் காபியோடு திரும்பிப் போகும்.

நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன தலைமுறையிடம் ட்ரங்க் பெட்டி இருந்தது. கிராம் கணக்குப் பார்க்க ஒரு மாமா தேவைப்பட்டிருக்க மாட்டார். பாவம், அந்த மாமாக்கள் என்ன செய்தார்களோ.

கிளம்பும் இரவு மாமா தருகிற கடைசி உபதேசம் எடையைப் பற்றியதல்ல. "கவுன்ட்டர்ல, 'பெட்டியை நீங்களேதான் கட்டினேளா'ன்னு கேப்பா. 'ஆமாம்'னு சொல்லணும். என் பேரை எடுக்கப்படாது." பதினெட்டு வருஷமாக இந்தத் தெரு ஒரே குரலில் இந்தப் பொய்யைச் சொல்லிவந்திருக்கிறது. சத்தியம் தவறாத சமஸ்கிருத வாத்தியார் ஒருவர், "நான் பக்கத்தில் இருந்தேன்" என்று சமாளித்தாராம். கூட இரண்டு பேர் வந்து பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். மறுபடி மூடத்தான் முடியவில்லை.

போன வைகாசியில் மாமாவுக்கே வேளை வந்தது. டல்லாஸில் மகனுக்குக் கிருகப்பிரவேசம். தெருவே திரண்டுவந்து பொட்டலம் கொடுத்தது. தன் பெட்டி என்பதால் அவராலேயே மறுக்க முடியவில்லை. வேட்டி சட்டை பாதியாகிவிட்டது. வழியனுப்பப் போன நாங்கள் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்றோம். உள்ளே நடந்ததை மாமி போனில் சொல்லித்தான் தெரியும். பெட்டி 22.9 காட்டியதாம். கவுன்ட்டர் பெண் வழக்கமான கேள்வியைக் கேட்டாளாம்.

"நானேதான் கட்டினேன்" என்றாராம் மாமா, நெஞ்சை நிமிர்த்தி. பிறகு திரும்பி வரிசையைக் காட்டி, "அந்த நீலப் பெட்டி, அதுக்குப் பின்னால சிவப்புக் கயிறு கட்டினது, தூண்கிட்ட இருக்கற ரெண்டு, எல்லாமே நான் கட்டினதுதாம்மா."